கம்பிக்குக் கீழே ஒரு பாதாம்

தெருவில் அவருக்குத் தொரட்டி மாமா என்றுதான் பெயர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, மின்கம்பியை உரசும் கிளைகளை வெட்டித் தள்ளுவார். அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே, "மரத்தைப் பாத்துக்கோங்க, தொரட்டி வருது!" என்று குரல் கேட்கும். அவரும் சிரித்துக்கொள்வார். வேலை என்று வந்துவிட்டால் தயவு தாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை.

அதுதான் வீட்டுக்குள்ளும் வினையானது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி வாசலில் ஒரு பாதாம் மரம் வளர்த்தாள். அது கம்பியைத் தொட்டது. ஊரார் மரத்தை வெட்டிவிட்டுத் தன் மரத்தை விட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பாதியோடு வெட்டிவிட்டார். மரம் பட்டுப்போனது. அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு வாசலில் ஒரு செடிகூட வைக்கவில்லை, அவ்வளவுதான். மனிதருக்கு அது நெஞ்சில் தைத்த முள்ளாகவே இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற வருஷம், தெருக்கோடியில் இருக்கும் சின்னப் பூங்காவில் வீட்டுக்கு ஒரு மரக்கன்று நடுவதென்று எல்லோரும் கூடி முடிவெடுத்தார்கள். பாதாம் கன்றும் கடப்பாரையுமாக முதல் ஆளாய் வந்து நின்றவர் யார்? நம்ம தொரட்டிதான்.

"புலி பசிச்சாலும் புல்லத் தின்னாதும்பாங்க. இங்க புலி புல்லு நடவே வந்துடுச்சே!" என்றார் எதிர்வீட்டு டெய்லர். பூங்காவே சிரித்தது.

"வாயால தைச்சது போதும், உன் குழிய வெட்டுப்பா" என்றார் மாமா.

மனைவி தினமும் சாயங்காலம் வந்து உட்காரும் சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். நிழல் எந்தப் பக்கம் விழும் என்று குனிந்து குனிந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் அண்ணாந்து பார்த்தே கழுத்துவலி வாங்கிய மனிதர், அன்றைக்கு மட்டும் மேலே பார்க்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

மனைவி குடத்தோடு வந்தாள். கன்றைப் பார்த்தாள், அண்ணாந்து பார்த்தாள், பிறகு தண்ணீரை ஊற்றினாள். மழை வருமா என்று பார்க்கிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

கன்று ஆள் உயரத்தைத் தாண்டிய பிறகுதான் ஒருநாள் மாமாவின் கண் மேலே போனது. நேர் மேலே கம்பி. திக்கென்றது. யாரிடம் சொல்ல? மரம் துளிர்க்கும்போதெல்லாம் தெரு சந்தோஷப்பட்டது. அவர் கண் கிளைக்கும் கம்பிக்கும் நடுவில் மிச்சமிருக்கும் இடைவெளியை அளந்தது. இந்த மரமும் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

மரம் காய்த்த வருஷம் புது லைன்மேன் தொரட்டியோடு வந்துவிட்டான்.

"ஐயா, உங்க மரமாமே? வேணும்னா விட்டுடறேன்."

"காத்தடிச்சா கம்பி உரசும். கரண்ட்ட நிறுத்திட்டியா? அப்போ இங்க குடு."

பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்காமலே வெட்டினார். அன்று ஒரே போடாகப் போட்ட கை, இன்று தூங்கும் குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல் தயங்கித் தயங்கி உச்சிக் கிளைகளை மட்டும் எடுத்தது. கீழடுக்குகள் குடையாக நின்றன. பெஞ்சின் நிழல் போகவில்லை.

வேர்த்து விறுவிறுத்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தப்பான எடத்துல நட்டுட்டேன். மேல பாக்கவே இல்ல."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அடிப்பாவி! சொல்லியிருந்தா தள்ளி நட்டிருப்பேன்ல?"

"மண்ண ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தீங்க. உங்கள அப்படி நான் பாத்ததே இல்ல. எப்படிங்க சொல்றது? வெட்டற நாள் வந்தா வரட்டும், அன்னைக்கு நான் பக்கத்துல இருந்தாப் போதும்னு விட்டுட்டேன்."

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் எழுந்துபோய், வெட்டுப்பட்டு விழுந்த கிளையிலிருந்து பழுத்த பாதாம் ஒன்றைப் பறித்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"நம்ம வாசல்ல போடுங்க. மேல பாத்துட்டுப் போடுங்க."