அக்காவின் நாலு சாயங்காலங்கள்

மண்கூழ் கலக்கிய கை என்னுடையது. பீங்கான் பட்டறையில் பத்தொன்பது வருஷம். கூழில் சிலிகேட் கொஞ்சம் கூடிப்போனால் நீர்த்து ஓடும், அச்சின் இடுக்கெல்லாம் கசியும், பியூஸ் கட்டையின் ஓரத்தில் காது மாதிரி பிசிறு முளைத்துவிடும். கூழைப் பற்றி எனக்குத் தெரியும். ரத்தத்தைப் பற்றியும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவும் அதே பட்டறையில் சூளைப் பக்கம் இருந்தவள். இதயத்தில் செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடக் கூடாதென்று தினம் சாயங்காலம் ஒரு மாத்திரை. ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகு எழுத்து தெரியவில்லை. வேப்பூர் போக வேண்டியவள் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறி, கரும்பாலை வாசனை அடித்த பிறகுதான் இறங்கினாள். அன்றிலிருந்து மாத்திரையை நான்தான் அவள் உள்ளங்கையில் வைப்பேன்.

"கோயில்ல தீர்த்தம் குடுக்கற மாதிரியே குடுக்கறடா" என்பாள். பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வாள்.

கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மாத்திரையை எப்போதும் போலப் போடட்டும் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். எனக்குத்தான் கேட்கவில்லை மனசு. நீர்த்த ரத்தம், கண்ணில் கத்தி. அச்சின் இடுக்கில் கூழ் கசிவது கண் முன்னால் நின்றது, நின்றது, நகரவே இல்லை. இன்னொரு தடவை போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு சாயங்காலம் அந்த மாத்திரைக்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை உடைத்து அவள் கையில் வைத்தேன். அவளுக்குக் கண் தெரியாததைப் பயன்படுத்திக்கொண்டேன். இந்த வரியை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

ஆபரேஷன் அன்று காலை ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, மாத்திரைய வுட்டுட்டீங்களா?"

"இல்லிங்களே. தம்பிதான் குடுக்கறான், ஒருநாளு தவறாம."

"ரிப்போர்ட்டு வேற சொல்லுது. பயந்துகிட்டு நிறுத்திட்டு இங்க வந்து பொய் சொல்றீங்க. சொட்டு மருந்து வுட்டு மரக்க வெச்சுச் செய்யற ஆபரேஷன் இது. நான் கீறுற எடத்துல ரத்தக் குழாயே கெடையாது. ஆனா வால்வுல ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போச்சுன்னா ஆளே போயிடும், தெரியுமா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு நான் ஒரு மங்கலான உருவம். அந்த உருவம் வாயைத் திறக்கவில்லை.

"மறந்திருப்பேங்க" என்றாள் அக்கா.

"இந்த வயசுல இவ்ளோ அலட்சியமா?" என்று கேட்டார் டாக்டரம்மா. அதையும் அவள்தான் வாங்கிக்கொண்டாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரி.

ஆபரேஷன் தள்ளிப்போனது. இதய டாக்டரிடம் அனுப்பினார்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சில நாள் ஊசி. ஒவ்வொரு காலையும் எழுந்ததும் "அக்கா, ஏதாச்சும் பேசு" என்பேன். வாய் கோணுகிறதா, நாக்கு குழறுகிறதா என்று பார்ப்பேன். "என்னத்தடா பேசறது, டீ போடு" என்பாள். எனக்கு உயிர் திரும்பும்.

பிறகு ஒரு கண்ணுக்கு நல்லபடியாக முடிந்தது. மாத்திரை நிற்கவில்லை, ரத்தமும் கசியவில்லை.

கட்டு அவிழ்த்த சாயங்காலம் மாத்திரையை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அந்த நாலு நாளு வேறதான குடுத்த?"

நான் தண்ணீர் டம்ளரை ஜன்னல் ஓரம் வைத்தேன்.

"மொதச் சூளை வெந்துச்சான்னு சில்லை நாக்குல வெச்சுப் பாத்தவடா நானு. வேகாத சில்லு மாதிரி நீ குடுத்த மாத்திர நாக்குல ஒட்டுச்சு."

"தெரிஞ்சும் ஏன்க்கா முழுங்கின?"

"டாக்டர்தான் மாத்தச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். நீயா செய்வேன்னு தோணல."

திட்டியிருந்தால் தேவலை. மாத்திரை அட்டையைக் கொடு என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதிலிருந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என் கையிலிருந்து ஒரு மாத்திரையும் வாங்கவில்லை.