மெல்லிய தட்டுக்குக் கையை இறக்க வேண்டும்

பல் டாக்டர் வசந்தா இறந்த செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று, அவர் வீட்டு வாசலில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ஆர்.எஸ்.புரத்தில் தன் மாடி அறையை, இசைத்தட்டு கேட்கக் கூடும் நம் ஞாயிறு வட்டத்துக்குக் கொடுத்திருக்கும் நாகராஜ், “இனி அந்தத் திருகு வேலை இல்லீங்க. ஒரு நடு மட்டத்துல வெச்சு இறுக்கிப்போட்டா எல்லாத் தட்டுக்கும் ஆச்சு” என்றார். சிலர் தலையாட்டினார்கள். அது எல்லாத் தட்டுக்கும் தப்பான மட்டம் என்று நான் சொல்லவில்லை.

வட்டத்துக்கு வெளியே டாக்டரை அறிந்தவர்களுக்காக விளக்குகிறேன். இசைத்தட்டுகள் ஒரே தடிமனில் இருப்பதில்லை. புதிதாக அச்சாகி வருபவை தடியானவை. பழையவற்றில் பல, கையில் எடுத்தாலே வளையும். ஊசியைத் தாங்கும் கையைத் தடித்த தட்டுக்கு ஏற்ப உயர்த்தி வைத்தால், மெல்லிய தட்டில் அது முன்பக்கமாகச் சரியும். ஊசி நேராக நிற்காது, குரல் கீச்சிடும். அதனால் டாக்டர் தட்டு மாறும்போதெல்லாம் கையின் அடியிலுள்ள திருகைத் தளர்த்துவார். குனிந்து பக்கவாட்டில் பார்ப்பார். கை தட்டுக்கு இணையாக வந்த பிறகே உட்காருவார். நம் காபி ஆறிப்போகும்.

“ஏனுங் டாக்டர், நூலளவு வித்தியாசம் யாருக்குங்க தெரியுது?” என்று நாகராஜ் ஒருமுறை கேட்டார்.

“உங்க கடைவாய்ப் பல்லுக்குத் தெரிஞ்சுதுங்களே! அடைச்சது நூலளவு உசரமா இருக்குதுன்னு திரும்பத் திரும்ப வந்து உக்காந்தீங்க. கற்பனைன்னு சொல்லியா அனுப்பிச்சேன்?”

அறையே சிரித்தது. நாகராஜும் கன்னத்தைத் தடவியபடி சிரித்தார். ஆனால் விடவில்லை. இன்னொரு ஞாயிறு, “பல்லு ராவுற மிஷின் சத்தத்துல உங்க காதே பாதி போயிருக்குமுங்க” என்றார்.

“போயிருக்குதுங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். மிச்சமிருக்கிற காதுக்கும் தப்பாவே போடோணுங்களா?”

அவர் எப்போதும் வென்றார் என்று எழுத மாட்டேன். பல்லடத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த மெல்லிய தட்டுக்கு, கையை இறக்கி வைத்தும் ஒலி அப்படியே இருந்தது. டாக்டர் என்னிடம், எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: “எனக்கும் வித்தியாசம் தெரியல அம்மணி. ஆனா எறக்கித்தான் வெப்பேன். நமக்குக் கேக்கலீங்கறதுக்காக ஊசி கோணலா நிக்கோணுமா?”

குழுவில் போட்ட இரங்கல் குறிப்புகளில் நீங்கள் ‘அவருடைய இனிய பிடிவாதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ‘இனிய’ என்பதை அடித்துவிடுங்கள். இருந்தபோது நீங்கள் அதைத் தொல்லை என்றீர்கள். இறந்ததும் சர்க்கரை தூவுகிறீர்கள். வெறும் பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு அவர் நினைவாகக் கூடினோம். திருகு இறுக்கப்பட்டிருந்தது. டாக்டருக்குப் பிடித்த மெல்லிய தட்டு ஒன்றை நாகராஜ் வைத்தார். ஊசி இறங்குமுன் நான் எழுந்து போய்த் திருகைத் தளர்த்தினேன்.

“நீயுமா அம்மணி?” என்றார்.

“ஆமாங்க.”

குனிந்து பார்த்து, கையை இறக்கினேன். அடுத்து வந்த தடித்த தட்டுக்கு ஏற்றினேன். இரண்டு பேர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள். மற்றவர்கள் இருந்து கேட்டோம்.