தட்டைத் தாண்டிய மஞ்சள்

கொள்ளிடக் கரையில் மட்கிக் கிடந்த தென்னந்துண்டில்தான் அதை முதலில் பார்த்தேன். ஐப்பசி மழை விட்டிருந்த காலை. முட்டையின் மஞ்சள் கருவை யாரோ ஊற்றிவிட்டுப் போனதுபோல நரம்பு நரம்பாகப் படர்ந்திருந்தது. சளிப்பூஞ்சை என்பார்கள், உண்மையில் பூஞ்சை அல்ல. கையகலம் விரிந்தாலும் ஒரே செல். கல்லூரியில் உயிரியல் நடத்துகிற எனக்கு அதை விட்டுவிட்டு வர மனமில்லை. பட்டையோடு பெயர்த்து ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கணவர் அப்போது விடுப்பில் இருந்தார். சில நாள் முன்பு தூங்கி எழுந்தபோது அவருடைய முகத்தின் இடப்பக்கம் அசையவில்லை. முகவாதம், நரம்பு வீக்கம், மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். தொழிற்சாலையில் எல்லோரையும் சிரிக்கவைத்தவர், வாய் கோணியபின் யார் வந்தாலும் உள்ளறைக்குப் போய்விடுவார். என்னிடமும் பேச்சு குறைந்தது.

ஈரத்தாள் விரித்த கண்ணாடித் தட்டில் சளிப்பூஞ்சையை வைத்து, அதற்குத் தீனியாக ஓட்ஸ் தூவினேன். கல்லூரியின் பழைய நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கி வந்தேன்.

"கொஞ்சம் பாருங்களேன்."

வேண்டாவெறுப்பாகக் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. உள்ளே ஆறு ஓடியது. மஞ்சள் துகள்கள் ஒரு பக்கமாகப் பாய்ந்தன, தயங்கின, நின்றன, வந்த வழியே திரும்பின.

"யாரு இதைத் தள்றது?"

"மயோசின்னு ஒரு புரதம். இழையைப் பிடிச்சு இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். குழாய் சுருங்கி விரியறதால உள்ள இருக்கறது ஓடுது. நம்ம தசையிலயும் அந்த வகைதாங்க."

"என் கன்னத்துலயுமா?"

"அங்கயும்தான். நரம்புலேர்ந்து சேதி வரணும், அவ்வளவுதான்."

அவர் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

சளிப்பூஞ்சைக்கு வெளிச்சம் ஆகாது. திரையை மூடிய அறையில் மாறிமாறிப் பார்த்தோம். கண்ணை மூடினாலும் இமைக்குள் அந்த ஓட்டம் நிற்கவில்லை. மழைச் சத்தமும் கோயில் மணியும் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டன. நாங்களும் அந்த மஞ்சளில் எங்கோ மிதந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது.

ஒரு காலை அவர் கத்தினார். "இங்க வாயேன்! வெளிய வந்திடுச்சு!"

தட்டின் விளிம்பைத் தாண்டி, மேசையைக் கடந்து, ஓட்ஸ் டப்பாவில் பாதி ஏறியிருந்தது.

"திருட்டுப் பய! டப்பாவையே கண்டுபிடிச்சிட்டான்" என்று சிரித்தார். இடப்பக்க உதட்டோரம் இலேசாக, நிச்சயமாக, துடித்தது. நான் அழுதுவிட்டேன்.

முகம் முழுதாகத் திரும்பவில்லை. இடக்கண் இன்னும் மெதுவாகத்தான் மூடும். அப்படியே வேலைக்குக் கிளம்பினார்.

"இதை எடுத்துட்டுப் போறேன். ஃபேக்டரி பசங்க பார்க்கட்டும்."

வழியனுப்ப நானும் போனேன். தொழிற்சாலைக்குப் போகும் கைலாசபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார். பஸ் நகர்வதற்குள் பக்கத்து சீட்காரரிடம் துண்டை விலக்கிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.