அப்பா மாலை போட்ட படம்

2001 பிப்ரவரி. சிஞ்ச்வட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை போட்டிருந்தார்கள். புனே வெயிலில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியில் ஒரு மராத்திக் குடும்பம். மருமகள் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். தற்செயலாகச் சுவரைப் பார்த்தேன். பேனா கையிலிருந்து நழுவிவிட்டது.

அங்கே மாட்டியிருந்தது எங்கள் வீட்டுப் போட்டோ!

என் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கட்கியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா காய்ச்சலில் இறந்துவிட்டார். சில வருடங்களில் அப்பாவின் அம்மாவும் போய்விட, தூரத்து உறவினர்கள்தான் அப்பாவை வளர்த்தார்கள். அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு போட்டோ. தொழிற்சாலையின் கயிறு இழுக்கும் அணி. முன்னால் சுருட்டி வைத்த வடம். இதில் உன் அப்பா இருக்கிறார் என்றார்களே தவிர, யார் என்று காட்ட ஆளில்லை. நடுவில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முறுக்கு மீசையோடு உட்கார்ந்திருந்தவர்தான் என்று அப்பா முடிவு செய்துகொண்டார். அவரை மட்டும் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, அமாவாசைக்கு அமாவாசை மாலை போட்டு, நாங்கள் எல்லோரும் விழுந்து கும்பிட்டு வந்தோம்.

தண்ணீரோடு வந்த மருமகளிடம், சுவரிலிருந்த அந்த அணிப் படம் யாருடையது என்று கேட்டேன். மாமனாருடையது என்று சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். எண்பதைத் தாண்டிய ஒருவர் மெல்ல நடந்து வந்தார். மீசை வெளுத்திருந்தது, ஆனால் முறுக்கு அதே முறுக்கு. நாங்கள் கும்பிட்டவர் உயிரோடு என் எதிரில் நின்றார்!

எனக்குச் சரளமாக வரும் மராத்தியே அன்று குழறியது. எப்படியோ விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். காய்ச்சலில் இறந்த அந்த மதராஸியா, ஒரு குட்டிப் பையன் இருந்தானே என்றார். பிறகு படத்தைக் கழற்றி வரச் சொல்லி, ஓரத்தில் நின்ற ஒல்லியான ஆள்மேல் விரலை வைத்தார். ஃபோட்டோகிராபரைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்த முகம். விறைத்து நின்ற காது. அப்பாவின் காது! என் தம்பியின் காது!

அங்கிருந்தே வீட்டுக்கு போன் செய்தேன்.

"அப்பா, உடனே கிளம்பி வாங்க. நாம மாலை போடறோமே, அவர் உயிரோட இருக்கார்!"

"என்னம்மா உளர்றே? வெயில்ல சுத்தாதேன்னு சொன்னேனே!"

கசார்வாடியிலிருந்து ரிக்‌ஷா பிடித்து வந்தார் அப்பா. வாசலில் பெரியவரைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில் அப்பாவின் இரண்டு கையும் தானாகவே குவிந்துவிட்டன. வெட்கத்தோடு அப்பா மாலை விஷயத்தைச் சொன்னார். பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அதனாலதான் எமன் என் பக்கமே வரலை போல!"

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். தாத்தா கயிறு இழுக்கிறவரே இல்லையாம். ஒல்லி உடம்பு. ஓரமாக நின்று தாளம் பிசகாமல் குரல் கொடுப்பாராம், அதுவும் தமிழில். மராத்தி ஆட்கள் அத்தனை பேரும் அந்தக் குரலுக்குத்தான் இழுப்பார்களாம். சொல்லும்போதே பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை வீசி, கட்டடமே அதிரும்படி கத்திக் காட்டினார்.

"இழு... ஹோ! இழு... ஹோ!"

அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை. அப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அஜூன் ஏக்தா, காகா" என்றார், இன்னொரு தடவை சொல்லுங்கள் சித்தப்பா என்று. அவர் சொன்னார். அப்பா சின்னப் பையன்போல் மறுபடியும் கேட்டார்.

அடுத்த வாரமே ஓரத்தில் சிரிக்கிறவரைப் பெரிதாக்கி மாட்டினோம். பழைய படத்தைக் காகாவுக்கே கொடுத்துவிட்டோம், மாலை இல்லாமல்!

அறுபது வயதில் அப்பாவுக்குத் தன் அப்பாவின் முகமும் குரலும் சேர்ந்து கிடைத்த அந்தப் பகலுக்குப் பிறகு, போனவர்களைப் பற்றி இனி யாருக்கும் தெரியாது என்று எவராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. எந்த மாடியில், எந்தக் கதவுக்குப் பின்னால் அவர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்களோ!