வலி நின்ற கால்

அடுத்தவர் காலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வாசலில் ஆள் நடந்து வரும்போதே எட்டா ஒன்பதா என்று சொல்லிவிடுவார். செருப்புக் கடையில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்றே பெயர். முப்பத்தோரு வருடம் அங்கே விற்பனை ஆள். குதிகால் வலி என்று வருகிறவரிடம், காலையில் முதல் அடி வைக்கும்போதா என்று கேட்பார். ஆமாம் என்றால் தட்டைச் செருப்பையெல்லாம் உள்ளே வைத்துவிடுவார். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், அகலமான செருப்பாகப் பாருங்கள் என்பார். விரலிடுக்கில் சேற்றுப்புண் உள்ளவருக்கு மூடின ஷூவைக் காட்டவே மாட்டார். சாயங்காலம் வாருங்கள், கொஞ்சம் வீங்கின பிறகுதான் காலின் நிஜ அளவு தெரியும் என்று காலை வியாபாரத்தைக் கெடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

தன் காலுக்கு மட்டும் ஜோடி தப்பின ஷூ. இடது எட்டு, வலது ஏழு. விற்க முடியாததால் முதலாளி அவருக்குக் கொடுத்தது. வலது முதலில் கடித்தது. வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொண்டார்: போடப் போடப் பழகிவிடும். ஏழெட்டு மாதத்தில் வலி நின்றது. பழகிவிட்டதாக மகளிடம் பெருமையடித்துக்கொண்டார்.

மகளுக்குத் தொழிற்சாலைகளில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. முள் அசையவில்லை என்றால் அழுத்தம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. கருவிக்கு உயிர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே படித்த பாடம். அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் துவைக்க எடுத்த சாக்ஸில் ஈரக்கறை. வலது பெருவிரலின் அடியில் தோல் தடித்து, நடுவில் ஒரு துளை. டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டார். தெரியும்போது சொல்ல வேண்டும். அப்பா சீராக ‘ம்’, ‘ம்’ என்று சொல்லிக்கொண்டே போனார். இழை காலிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றபோதும் சொன்னார். டாக்டர் மகளைப் பார்த்தார்.

தடித்த தோலைச் சீவி, புண்ணைக் கழுவிக் கட்டினார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, ஆறு வாரம் அந்தக் காலில் பாரமே போடாமல் இருந்தால் விரல் பிழைக்கும் என்றார். அப்பாவின் கவலை விரல் அல்ல. நடக்க முடியாதவர்களைக் கடையில் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அட்டைப் பெட்டிகள்தான், ஆட்கள் இல்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். பன்னிரண்டாம் நாள், மகள் வேலைக்குப் போனதும், ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய்விட்டார். அவள் திரும்புவதற்குள் வீடு வந்துவிடுவார். இப்படியே எட்டு நாள். ஒன்பதாம் நாள் குளிர்க் காய்ச்சலில் நடுங்கினார். கணுக்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில், சீழ் எலும்புவரை போய்விட்டது, மூன்று விரல்களை எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் கடைக்குப் போனது அப்போதுதான் மகளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றாள்.

“ஏம்ப்பா கடைல போய் நின்னீங்க?”

“நிக்கலம்மா. டாக்டர் சொன்னாருல்ல? முட்டி போட்டுத்தான் வேல பாத்தேன்.”

பொய்யில்லை. எல்லா நாளும் அப்படித்தான் உட்காருவார். இடது பாதத்தை ஊன்றி, வலது முட்டியைத் தரையில் வைப்பார். வலது விரல்கள் பின்னால் மடங்கித் தரையை அழுத்தும். மகள் கட்டிலருகே அப்படி உட்கார்ந்து பார்த்தாள். உடம்பின் பாரம் பெருவிரலடியில் வந்து இறங்கியது. எழுந்து ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

“மூணு போனா ஆறாம் நம்பரே போதும்ல?” என்றார். கொஞ்சம் கழித்து, “குடோன்லதான் போடுவாங்க” என்றார்.

அவரை உள்ளே கொண்டுபோனதும் கடைக்கு நடந்தாள். முன்பக்கம் ஒரு ஸ்டூல், உட்கார்ந்தே அளவு எடுக்கட்டும் என்று கேட்டாள். முதலாளி யோசித்துவிட்டுச் சரி என்றார். அவள் திரும்பியபோது விரல்களை எடுத்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, நினைவும் தெளியவில்லை. முன்பக்கம்தான் என்று காதருகே இரண்டு முறை சொன்னாள்.

நான்காம் நாள் போய்ச் சேர்ந்தார். வயது ஐம்பத்தெட்டு.