பிள்ளையை எங்கே விடுவது

பிரசவ விடுமுறையும் அதற்குப் பிறகு எடுத்த அரைச்சம்பள விடுமுறையும் முடிந்தபோது மகளுக்குப் பத்து மாதம். வேலை கிளிநொச்சியில். வீடு ஓமந்தைக்கு உள்ளே. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கணவர் நெல் வெட்டும் மெசின் ஓட்டுபவர். அறுவடை தொடங்கினால் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். என் அம்மா யாழ்ப்பாணத்தில், படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டு அசைய முடியாதவர். பிள்ளையை எங்கே விடுவது என்று நான் தனியாகத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த டே கெயாரில் சேர்த்தேன். சுத்தமான இடம். சுவரில் மயிலும் முயலும் வரைந்திருந்தார்கள். விடிய ஐந்து மணிக்கு அவளை நித்திரையிலேயே தூக்கி, ஒரு தோளில் பையும் மறு தோளில் அவளுமாக பஸ் ஏறுவேன். முதல் நாட்களில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பொறுப்பாக இருந்த பெண், "பயப்பிடாதேங்கோ, ஒரு கிழமையில பழகீடுவா," என்றார்.

பழகிவிட்டாள். எட்டாம் நாள் காலையில் அழவில்லை. மாலையில் நான் போய் நின்றபோது கையை நீட்டவும் இல்லை. இருபது பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதாலேயே எனக்கு மனம் ஆறவில்லை. அந்தக் கிழமையே அவளுக்குக் காய்ச்சல் வந்து, எனக்கும் தொற்றி, இரண்டு பேரும் வீட்டில் கிடந்தோம்.

அப்போதுதான் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அக்காவின் நினைவு வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஐம்பது வயதிருக்கும். கச்சான் கடலை பிடுங்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், முழங்கால் நோவால் நின்றுவிட்டார்.

பிள்ளையை அவரிடம் விட நினைப்பதைக் கணவரின் அக்காவுக்குப் போனில் சொன்னேன். அவருடைய குரல் உடனே மாறியது.

"அவையின்ர வீட்டிலயோ பிள்ளையை விடப்போறாய்? எங்கட சனத்தில ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?"

"நீங்கள் வந்து பாக்கிறியளோ, மச்சாள்?"

"எனக்கு இஞ்ச எவ்வளவு வேலை கிடக்கு."

அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை. போனை வைத்துவிட்டேன்.

கடைசி வீட்டு அக்காவை விசாரிக்கலாமென்று போனால், அவர்தான் என்னை விசாரித்தார். எத்தனை மணிக்கு வருவேன், பிள்ளை எப்படித் தூங்கும், எதற்குப் பயப்படும். பிறகு சொன்னார்:

"வெளிநாட்டுல நாலு வருசம் ஒரு வீட்டுப் புள்ளைய வளத்தேன். அது என்னைய அம்மான்னுதான் கூப்பிடும். திரும்பி வந்தா, என் சொந்த மக என்னையப் பாத்து யாருன்னு கேட்டா. உங்க புள்ளையும் ஒருநாள் என்னைய அம்மான்னு கூப்பிடும். கோவிச்சுக்குவீங்கன்னா இப்பவே சொல்லிருங்க."

"கோவிக்க மாட்டன் அக்கா," என்றேன். பொய்தான்.

இரண்டு மாதத்தில் அது நடந்தது. மாலையில் நான் படலையைத் திறந்தபோது, மகள் அவருடைய இடுப்பில் இருந்தபடி கன்னத்தைத் தட்டி "அம்மா" என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு, போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தேன். வீட்டுக்கு வந்து குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன். மறுநாள் விடிய அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. போகாமல் இருக்க முடியுமா? அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டீங்களா என்று கேட்டு, ஒரு ரொட்டியைப் பேப்பரில் சுற்றிக் கையில் தந்தார். பஸ்ஸில் நின்றபடியே தின்றேன்.

மச்சாள் இன்னும் கேட்கிறார், வேறு ஆள் கிடைத்ததா என்று. பார்க்கிறேன் என்று சொல்கிறேன். பார்க்கவில்லை.

போன மாதம் ஒருநாள் பஸ் வழியில் பழுதாகி, பொழுதுபட்டபிறகுதான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம் இருப்போம் என்று கதிரையில் இருந்தேன். அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது என் தலைக்குப் பின்னால் யாரோ மடித்து வைத்த துணி. மகள் சாப்பிட்டு முடித்து, கரண்டியால் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அக்கா எழுப்பேல்லை?"

"எழுப்பி என்ன செய்யிறது? புள்ள சாப்பிட்டுருச்சு. நீங்க இன்னுங் கொஞ்சம் கண்ண மூடுங்க."

மூடினேன்.