காவல் இல்லாத ஷெட்

பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான். என் வாய்க்கு மட்டும் பவர் கட் கிடையாது. அன்றைக்கு முதலாளிக்கே பாடம் எடுத்தேன்.

"வெறும் ஷெட்டை வாடகைக்கு எடுத்தா மிஷினு, ஆளு, காவல் எல்லாம் நம்ம தலையிலதானுங்க. மிஷினோட எடுத்தா பாதி தொல்லை கொறையும். ஜாப் ஒர்க்குக்கே உட்டுட்டா தச்சு மடிச்சு வந்துரும். நம்ம ஃபைலையெல்லாம் வெளியாளு கம்ப்யூட்டர்ல வாடகைக்கு வெக்கற கிளவுடும் இந்த மூணு வகைதானுங்க."

விலை குறைவென்று முதல் வகையை எடுத்து, கம்பெனி பேட்டர்ன்களை எல்லாம் அதில் ஏற்றினேன். எடுத்த பிறகு, மூன்றாவது வகை போல நினைத்துக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

துணி வெட்டும் அளவுக்கான பேட்டர்ன்களை வரையும் ரஹ்மத் அக்கா, "ஒரு காப்பி எங்கிட்ட இருக்கட்டுங்க தம்பி" என்றார்.

"பேங்க் லாக்கருக்கு நீங்க தனியா பூட்டு போடுவீங்களாக்கா?" என்று சிரித்தபடியே அவர் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன்.

ஒரு நாள் காலையில் எதுவும் திறக்கவில்லை. "டிஸ்க் போயிருச்சு சார். இடம்தான் எங்களோடது, காப்பி எடுக்கறது உங்க பொறுப்பு" என்றார்கள் கிளவுட் கம்பெனிக்காரர்கள் போனில். குழந்தை உடுப்புப் பேட்டர்ன்கள் அத்தனையும் போயின. ஆர்டரும் போனது.

"பேட்டர்னுக்கு யாருங்க பொறுப்பு?" என்றார் முதலாளி.

அக்கா என்னைப் பார்த்தார். என் வாய் திறக்கவில்லை.

"நாந்தானுங்க" என்றார் அவர். அன்று மாலையே அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது தினமும் காப்பி எடுக்கிறேன். பொறுப்பான பையன் என்கிறார் முதலாளி.